எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம்? பொருளியல் மாணவர்களுக்குப் பொதுக்கொள்கை ஆய்வு

எஸ்டிபிஎம் படித்தாலும் சரி, மெட்ரிகுலேஷன் போனாலும் சரி, குறைந்தபட்ச சம்பளம் பற்றிய பாடம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். தேவைக் கோடு ஒன்று, அளிப்புக் கோடு ஒன்று. இரண்டும் சந்திக்கும் புள்ளிக்கு மேலே ஒரு கிடைக்கோடு. "சம்பளத்தைச் சட்டம் போட்டு உயர்த்தினால் வேலையில்லாதோர் எண்ணிக்கை கூடும்" என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

இதே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அமைச்சில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரியை நினைத்துப் பாருங்கள். அவருக்குத் தேவைப்படுவது வேறு பதில்கள். எத்தனை பேர் வேலை இழப்பார்கள்? அவர்கள் யார்? இளைஞர்களா, பெண்களா, சிறு பட்டணங்களில் இருப்பவர்களா? வேலையில் நீடிப்பவர்களுக்கு எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும்? வரைபடம் திசையைக் காட்டுகிறது; அளவைக் காட்டுவதில்லை. ஒரே முதலாளியை நம்பியிருக்கும் வட்டாரங்களில் அந்தத் திசைகூட மாறலாம் என்று பல்கலைக்கழகப் பாடநூல்களே சொல்கின்றன.

இந்தக் கேள்விகளுக்குச் சான்றோடு பதில் தேடுவதுதான் பொதுக்கொள்கை ஆய்வு. அரசாங்கம் எடுக்கும் ஒரு முடிவு யாரை, எவ்வளவு, எந்த வழியில் பாதிக்கிறது என்று பார்ப்பது. பொருளியல் படிக்கும் நண்பர்கள் பலர் பட்டம் பெற்றதும் வங்கி, கணக்காய்வு நிறுவனம் என்று இரண்டே பாதைகளைத்தான் நினைக்கிறார்கள். நானும் இரண்டாம் ஆண்டில் பொதுக்கொள்கைப் பாடம் எடுக்கும்வரை வேறு பாதை இருப்பதை யோசித்ததில்லை. அந்தப் பாடத்தில் கற்றதில் எனக்கு முக்கியமாகப் பட்ட சிலவற்றை, நம் நாட்டு உதாரணங்களோடு இங்கே பகிர்கிறேன்.

முதலில் அளவுகோல்

2016-ஆம் ஆண்டில் மலேசியாவின் ஏழ்மை விகிதம் 0.4 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. ஆயிரம் குடும்பங்களில் நான்குதான் ஏழைக் குடும்பங்கள். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால், அந்தக் கணக்குக்குப் பின்னால் இருந்த வறுமைக் கோடு, ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக மாதம் 980 ரிங்கிட். நால்வர் கொண்ட குடும்பம் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 8 ரிங்கிட் சொச்சம். சாப்பாடு, வாடகை, பஸ் கட்டணம், பள்ளிச் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

2019 ஆகஸ்டில் மலேசியாவுக்கு வந்த, கடும் வறுமை தொடர்பான ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், இந்த அளவுகோல் உண்மை நிலைக்குப் பொருந்தவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உள்நாட்டு ஆய்வாளர்களும் அதற்கு முன்பிருந்தே இதைப் பேசி வந்தார்கள். 2020 ஜூலையில் அரசாங்கம் கணக்கிடும் முறையை மாற்றியது. உயிர்வாழப் போதுமான உணவு என்பதற்குப் பதிலாகச் சத்தான உணவு கணக்கில் வந்தது. உணவல்லாத அடிப்படைத் தேவைகளின் தரமும் சேர்க்கப்பட்டது. புதிய கோடு 2,208 ரிங்கிட். அதன்படி 2019-ஆம் ஆண்டின் ஏழ்மை விகிதம் 5.6 விழுக்காடு, அதாவது 405,441 குடும்பங்கள்.

இங்கே ஒரு மாணவர் கவனிக்க வேண்டிய இடம் இருக்கிறது. 2016-இல் 0.4, 2019-இல் 5.6 என்று அருகருகே வைத்தால், மூன்றே ஆண்டுகளில் வறுமை 14 மடங்கு பெருகிவிட்டது போலத் தெரியும். அப்படி எழுதினால் தவறு. புதிய அளவுகோலைக் கொண்டு 2016-ஐத் திரும்ப அளந்தபோது வந்த எண் 7.6 விழுக்காடு. ஒரே கோலால் அளந்தால் 7.6-லிருந்து 5.6-க்கு வறுமை குறைந்திருக்கிறது. பெருந்தொற்றுக்குப் பிறகு 2022-இல் அது 6.2 விழுக்காடாக இருந்தது.

குடும்பங்கள் மாறவில்லை, அவர்களின் வருமானமும் மாறவில்லை. கோடு மாறியதும், 2016-இல் நூற்றில் ஏழு குடும்பங்களுக்கு மேல் திடீரெனக் கணக்குக்குள் வந்தன. கணக்கில் இல்லாத குடும்பத்துக்கு உதவித் திட்டத்தில் இடம் கிடைப்பது கடினம். அதனால்தான் கொள்கை ஆய்வில் முதல் கேள்வி, "இதை எப்படி அளந்தார்கள்?" என்பது.

2018-இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதையே வேறு விதமாகக் காட்டியது. கோலாலம்பூர் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் வாழும் பிள்ளைகளைப் பற்றியது அது. அப்போதைய வறுமைக் கோட்டின்படி அவர்களில் 7 விழுக்காட்டினர்தான் ஏழைகள். நாட்டு மக்களின் நடுநிலை வருமானத்தோடு ஒப்பிடும் ஒப்பீட்டு வறுமையின்படி பார்த்தால் 99.7 விழுக்காட்டினர் ஏழைகள். எந்த எண்ணை நம்புவது? ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் பார்த்தார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமலும், 15 விழுக்காட்டினர் எடை குறைந்தும் இருந்தார்கள். வருமானத்தை எந்தக் கோலால் அளந்தாலும், குழந்தையின் உடல் தனியாக ஒரு சான்று தருகிறது. ஓர் எண்ணில் சந்தேகம் வந்தால் அதே விஷயத்தை இன்னொரு வழியில் அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எதோடு ஒப்பிடுவது?

அளவுகோல் சரி என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல், காரணத்தைக் கண்டுபிடிப்பது. குறைந்தபட்ச சம்பளம் உயர்ந்த அடுத்த ஆண்டு வேலையில்லாதோர் எண்ணிக்கை கூடியது என்றால், சம்பள உயர்வுதான் காரணமா? ஏற்றுமதி குறைந்திருக்கலாம், செம்பனை விலை விழுந்திருக்கலாம். உயர்வு நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். நடக்காத ஒன்றை யாரும் பார்க்க முடியாது. அதற்குப் பதிலாக, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒத்திருந்து, அந்த ஒரு மாற்றம் மட்டும் நடக்காத இன்னோர் இடத்தைத் தேடுகிறார்கள்.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவில் உண்டு. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச சம்பளத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் குருகர் என்ற இரு பொருளியலாளர்கள் எல்லையின் இரு புறமும் இருந்த 410 துரித உணவகங்களை உயர்வுக்கு முன்பும் பின்பும் விசாரித்தார்கள். பகுதிநேர ஊழியர்களையும் முழுநேரக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தபோது, நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தின் சராசரி ஊழியர் எண்ணிக்கை 20.4-லிருந்து 21.0 ஆனது. பென்சில்வேனியாவில் 23.3-லிருந்து 21.2-க்குக் குறைந்தது.

நியூ ஜெர்சியை மட்டும் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை. பென்சில்வேனியாவையும் சேர்த்துப் பார்த்தால்தான், அந்த வட்டாரத்தில் பொதுவாகவே ஆள் குறைந்துகொண்டிருந்த காலம் அது என்பது தெரிகிறது. இரண்டு மாற்றங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கணக்கிடும் இந்த முறையை 'வேறுபாட்டின் வேறுபாடு' என்று சொல்லலாம். பாடநூல் சொன்ன வேலை இழப்பு அங்கே தென்படவில்லை. 1994-இல் வந்த இந்தக் கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. வேறு ஆய்வாளர்கள் சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு கணக்கிட்டு, முடிவு அப்படியில்லை என்று மறுத்தார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் இயற்கையாக அமைந்த ஒப்பீடுகளைத் தேடிப் பயன்படுத்தும் முறை நிலைத்துவிட்டது. 2021-ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசில் பாதி டேவிட் கார்டுக்குக் கிடைத்தது.

நம் நாட்டில் இப்படிப்பட்ட ஒப்பீடு கிடைக்குமா? கிடைக்கும். 2013 ஜனவரியில் குறைந்தபட்ச சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட், சபா, சரவாக்குக்கு 800 ரிங்கிட் என்று இரண்டு விகிதங்கள் இருந்தன. ஆனால் கிழக்கு மலேசியாவின் பொருளாதாரம் தீபகற்பத்திலிருந்து பல வகையில் வேறுபட்டது. நேரடியாக ஒப்பிடுவது சுலபமில்லை.

2020 பிப்ரவரி 1-ஆம் தேதி வந்த மாற்றம் இன்னும் பொருத்தமானது. மாநகர், நகராட்சி மன்றங்களின் கீழ் வரும் குறிப்பிட்ட பகுதிகளில் சம்பளம் 1,200 ரிங்கிட் ஆனது. மற்ற இடங்களில் 1,100 ரிங்கிட்டே தொடர்ந்தது. நகராட்சி எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கடை, அந்தப் பக்கம் ஒரு கடை. வாடிக்கையாளர்கள் ஒரே வட்டாரத்து மக்கள். சம்பளச் சட்டம் மட்டும் வேறு. ஆய்வு மாணவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமைவது அரிது.

ஆனால் மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. நகரங்களில் உணவகங்களும் பேரங்காடிகளும் ஒரு விதமாகவும், சிறு பட்டணங்களில் இருந்தவை வேறு விதமாகவும் பாதிக்கப்பட்டன. அதற்குப் பின் நகரத்தில் ஒருவர் வேலை இழந்தால், அது 100 ரிங்கிட் சம்பள உயர்வாலா, தொற்றாலா என்று பிரிப்பது மிகவும் கடினம். உயர்வுக்கும் ஊரடங்குக்கும் இடையே கிடைத்தது ஏழு வாரம்கூட இல்லை. 'இந்தக் காலக்கட்டத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது' என்று எழுதுவதும் ஓர் ஆய்வின் நேர்மையான முடிவுதான்.

அண்மையில் இன்னொரு வாய்ப்பு வந்தது. 1,700 ரிங்கிட் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல், பொதுவாக ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. சிறிய கடைகளுக்கு ஆகஸ்ட் 1 வரை அவகாசம். அப்படியானால் அந்த ஆறு மாதங்களில், நான்கு பேர் வேலை செய்யும் கடையையும் ஐந்தாறு பேர் வேலை செய்யும் கடையையும் ஒப்பிடலாமா? ஒப்பிடலாம். ஆனால் ஒரு முதலாளி சட்டத்தைத் தவிர்ப்பதற்காகவே ஐந்தாவது ஆளை எடுக்காமல் இருந்திருந்தால் ஒப்பீடு கோணலாகிவிடும். இப்படி நாமே நம் ஒப்பீட்டில் ஓட்டை தேடுவது இந்தத் துறையில் அன்றாட வேலை.

"எந்தச் சம்பளத்தக் கேக்குறம்மா?"

எண்கள் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் கதவைத் தட்டிக் கேட்டதால்தான் வருகின்றன. பாடத்தின் ஒரு பகுதியாகச் சக மாணவர்கள் இருவரோடு ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் வீடு வீடாகப் போய்க் குடும்ப வருமானம் பற்றி விசாரித்தோம். கேள்விப் பட்டியல் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழில் பேசும் வீடுகளுக்கு நான் வாய்மொழியாகச் சொன்னேன்.

துப்புரவு வேலை செய்யும் ஓர் அக்காவிடம், "மாசச் சம்பளம் எவ்வளவு க்கா?" என்று கேட்டேன்.

"எந்தச் சம்பளத்தக் கேக்குறம்மா? பேப்பர்ல போட்டிருக்கிறதா, கையில வர்றதா?" என்று திருப்பிக் கேட்டார். "பேப்பர்ல ஆயிரத்து எழுநூறு. கையில ஆயிரத்து ஐந்நூறுதான் வரும். ஓ.டி. இருந்தா ரெண்டாயிரத்தத் தாண்டும். இப்ப ஓ.டி.யே கொடுக்கறதில்ல."

அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாக வருகிறது. 1,700-இல் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு என்றால் 187 ரிங்கிட். சொக்சோ பிடித்தம் தனி. மிச்சம் ஏறக்குறைய 1,500. ஒரே மனிதருக்கு மூன்று எண்கள்: அடிப்படைச் சம்பளம், கைக்கு வருவது, கூடுதல் நேர வேலையோடு சேர்ந்தது. எந்த எண்ணை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து நம் முடிவே மாறும்.

அவர் பேச்சின் கடைசி வரியில் இன்னொரு விஷயமும் இருந்தது. அடிப்படைச் சம்பளம் உயர்ந்த பிறகு முதலாளி யாரையும் நீக்காமல், கூடுதல் நேரத்தை மட்டும் குறைத்தால்? ஆள் எண்ணிக்கையை மட்டும் எண்ணும் ஆய்வு, "பாதிப்பு இல்லை" என்று சொல்லிவிடும். அந்த அக்காவின் வீட்டுக்கு வரும் பணம் கூடவில்லை என்பது அதில் தெரியாது. எத்தனை மணி நேரம் வேலை கிடைத்தது என்றும் கேட்க வேண்டும் என்பதை அவர்தான் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தார். அடுத்த வீடுகளில் அந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொண்டோம். ஒருவர் சொன்னதை வைத்து நாட்டுக்கே முடிவு சொல்ல முடியாது. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பதை ஒருவரின் பேச்சே சொல்லிவிடும்.

வேறொரு வீட்டில், "இதச் சொன்னா என் எஸ்டிஆர் பணம் நின்னு போயிடுமா?" என்று ஓர் ஆண்ட்டி தயங்கினார். எஸ்டிஆர் உதவிக்குக் குடும்ப வருமானமே அடிப்படை. ஆகவே வருமானம் பற்றிய கேள்வி அவருக்கு வெறும் கேள்வியாக இல்லை. நாங்கள் மாணவர்கள், பெயரை எழுதுவதில்லை, விருப்பமில்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. உதவி வாங்கித் தருகிறோம் என்று பொய் நம்பிக்கையும் கொடுக்கக் கூடாது. தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்பதை வருமானத்தில் சேர்க்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். சேர்க்க வேண்டும். ஆனால் அவராகக் கேட்டிருக்காவிட்டால் அது எங்கள் தாளில் வந்திருக்காது.

தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலும் கல்வியைத் தொடர்ந்த நமக்கு இங்கே ஓர் இடம் இருக்கிறது. நம் மொழியில் மனம்விட்டுப் பேசுபவர்களின் பதிலைக் கேட்டு, அதை அமைச்சு படிக்கும் மொழியில், அமைச்சு ஏற்கும் முறையில் எழுத நம்மால் முடியும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

இதற்கெல்லாம் முதுகலைப் பட்டம் வரை காத்திருக்கத் தேவையில்லை. புள்ளிவிவரத் துறையின் 'ஓப்பன் டோசம்' தளத்திலும், அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்திலும் விலைவாசி, வருமானம், வேலைவாய்ப்பு விவரங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 'பிரைஸ் கேட்சர்' தரவில் சந்தைகளிலும் பேரங்காடிகளிலும் விற்கும் பொருள்களின் விலையை நாள்வாரியாகப் பார்க்கலாம்.

ஒரு சிறு பயிற்சி. 2023 நவம்பர் 1-ஆம் தேதி கோழிக்கான உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டன. அதுவரை தீபகற்பத்தில் சாதாரண கோழிக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 9.40 ரிங்கிட். நீக்கிய பிறகு உங்கள் மாவட்டத்தில் விலை ஏறியதா? தரவை இறக்கி முன்னும் பின்னும் சராசரி எடுத்தால் பத்து நிமிட வேலை.

இப்போது யோசியுங்கள். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12. விலை ஏறியிருந்தால் கட்டுப்பாடு நீங்கியதாலா, பண்டிகையாலா? முந்தைய ஆண்டுத் தீபாவளியோடு ஒப்பிடலாம் என்றால், அப்போது உச்சவரம்பு இருந்ததால் பண்டிகை ஏற்றம் விலையில் தெரியாமல் போயிருக்கலாம். அதே பண்டிகைக்கு மக்கள் வாங்கும் வேறு பொருளின் விலையோடு ஒப்பிடலாமா? தீபாவளிக் கூட்டம் குறைவாக உள்ள மாவட்டங்களோடு ஒப்பிடலாமா? ஜனவரி வரை காத்திருந்து பார்க்கலாமா? இந்த மூன்று வழிகளிலும் என்ன வருகிறது என்று போட்டுப் பார்த்தாலே ஓர் இளங்கலை ஆய்வுக்குப் போதுமான விஷயம் கிடைத்துவிடும்.

திறன்களைப் பொறுத்தவரை, புள்ளியியலைப் பயப்படாமல் படியுங்கள். எக்செல் போதாத கட்டத்தில் 'ஆர்' அல்லது 'பைத்தான்' கற்றுக்கொள்ளலாம், இரண்டும் இலவசம். நாடாளுமன்ற விவாதப் பதிவுகளை வாசித்துப் பழகுங்கள். ஒரு சட்டம் ஏன் வந்தது, யார் எதிர்த்தார்கள் என்பது அங்கே இருக்கும். ஐசிஸ் மலேசியா, கஸானா ஆய்வுக் கழகம், ஐடியாஸ் போன்ற ஆய்வு மையங்களின் அறிக்கைகளைப் படிக்கும்போது முடிவுரையோடு நிறுத்திக்கொள்ளாமல், எப்படி அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். அந்த மையத்துக்கென்று ஒரு கொள்கைச் சார்பு உண்டா என்பதையும் கவனியுங்கள்.

எழுதும்போது சுருக்கம் முக்கியம். கொள்கை வகுப்பவருக்கு அறுபது பக்கம் படிக்க நேரம் இருக்காது. என்ன பிரச்சினை, என்ன கண்டோம், எதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை, என்ன செய்யலாம் ஆகிய நான்கையும் இரண்டு பக்கங்களில் அடக்கிப் பழகுங்கள். மூன்றாவதை விட்டுவிட்டு எழுதும் ஆசை எல்லாருக்கும் வரும். அதை விட்டுவிட்டால் மற்ற மூன்றின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

இடைநிலைப்பள்ளியில் இருப்பவர்களுக்குத் தரவும் மென்பொருளும்கூட வேண்டியதில்லை. நாளைக்கு நாளிதழில் விலை, சம்பளம், உதவித்தொகை பற்றி ஒரு செய்தி வந்தால் அதை வெட்டி ஒரு தாளில் ஒட்டுங்கள். பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதுங்கள்: எப்படி அளந்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? யார் இந்தக் கணக்கில் இல்லை? செய்தியிலேயே பதில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், அந்தப் பதில் எங்கே கிடைக்கும் என்று உங்கள் ஆசிரியரோடு சேர்ந்து தேடுங்கள்.